பெருவிரல் எடுக்கும் முடிவு

இடது பக்கம் பாய்ந்து வரும் டாப்ஸ்பின்னைப் பேனாப்பிடிக்காரர் ஒருவர் மட்டையின் முன்பக்கத்தாலேயே மெல்லத் தட்டித் திருப்பினால், மொன்ட்ரியால்-நோர் மண்டபத்தில் சுவரோரம் நின்று பார்ப்பவர்களில் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ‘பயந்துபோனார்’ என்கிறார் ஒருவர். ‘பழைய காலத்து ஆட்டம், இனி எடுபடாது’ என்கிறார் இன்னொருவர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர், ‘பின்பக்கத்திலும் ரப்பர் இருக்கிறதே, மணிக்கட்டைத் திருப்பி அடிக்க வேண்டியதுதானே?’ என்று கேட்கிறார். இந்தப் பருவம் முழுவதும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மேசைப்பந்தில் இன்று இந்த அளவுக்குத் தவறாக எடைபோடப்படும் அடி வேறில்லை. அந்தத் தட்டலைப் பின்வாங்கல் என்று நினைப்பவர்கள், அடுத்த முறை எதிராளியின் கால்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கட்டும்.

நான் சொல்லும் ஆட்டக்காரரை இங்கு வழக்கமாக வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், பெயர் தேவையில்லை. ஒலிம்பிக் மைதானப் பக்கமிருந்து பீ-நஃப் வீதியால் வடக்கே வரும் 439 ஆம் இலக்கப் பேருந்தில், வேலை முடிந்த கையோடு வந்து இறங்குகிறவர். வலக்கைக்காரர். சீனப் பாணிக் குட்டைக் கைப்பிடி மட்டை, இரு பக்கமும் வழுவழுப்பான ரப்பர். மேசையின் இடது மூலையை ஒட்டி நிற்பார்; எதிராளி எவ்வளவு பலமாக அடித்தாலும் அந்த இடத்தை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் அவர் பக்கம். அதை மறைத்து நடுநிலை பேசப் போவதில்லை.

அவர் ஆடும்போது கொஞ்ச நேரம் பந்தை விட்டுவிட்டு அவருடைய பெருவிரலைப் பாருங்கள். பேனாப்பிடியில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டையை முன்னாலிருந்து கௌவுகின்றன. மற்ற மூன்று விரல்களும் பின்னால் மடிந்து தாங்குகின்றன. ஃபோர்ஹாண்ட் அடிக்கும்போது பெருவிரல் அழுத்தும், சுட்டுவிரல் தளரும். மணிக்கட்டைத் திருப்பிப் பின்பக்க ரப்பரால் பேக்ஹாண்ட் அடிக்கும்போதும் அழுத்துவது பெருவிரல்தான். பின்னாலுள்ள விரல்கள் சற்று நீண்டுகொள்ளும். முன்பக்கத்தால் தட்டும்போது, அதாவது பிளாக் செய்யும்போது, இது அப்படியே தலைகீழாகிறது. சுட்டுவிரல் அழுத்த வேண்டும், பெருவிரல் தளர வேண்டும். தளராவிட்டால் மட்டையின் முகம் வேண்டிய கோணத்துக்கு வராது. ஆகவே எதிராளியின் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் கணத்திலேயே பெருவிரல் முடிவெடுத்தாக வேண்டும்.

கைகுலுக்குவது போல மட்டையை ஷேக்ஹாண்டாகப் பிடிப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. இடப்பக்கம் வந்தால் மட்டையின் ஒரு முகம், வலப்பக்கம் வந்தால் மறு முகம். பேனாப்பிடிக்காரரோ இடப்பக்கம் வரும் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுக்க நேரம் போகும், அதுவே பலவீனம் என்பது பயிற்றுநர்கள் பலரின் கட்சி. ஒரே இடத்துக்கு வந்த ஒரே மாதிரியான பந்துக்கு இரண்டு வெவ்வேறு பதில்களை வைத்திருப்பவரை எதிராளி எப்படி முன்கூட்டிக் கணிப்பார் என்பது என் கேள்வி.

நம் ஆட்டக்காரர் எப்போது எதைத் தேர்கிறார் என்று இரண்டு மாலை கவனித்தாலே ஒழுங்கு புலப்பட்டுவிடும். பேக்ஸ்பின்னோடு தாழ்ந்து வரும் பந்தா, தயக்கமில்லாமல் பின்பக்கம். முன்பக்கத்தால் அதைத் தூக்கிச் சுழற்றுவது மணிக்கட்டின் அமைப்புக்கே ஒத்துவராது. இடது மூலைக்கு வெளியே அகன்று போகும் பந்தா, அதற்கும் பின்பக்கம். கை எட்டும் தூரம் அங்கே கூடுகிறது. முழங்கையைக் குறிவைத்து உடம்புக்கு நேராக வரும் பந்துக்கு முன்பக்கம். அவருடைய குட்டை சர்வீஸை எதிராளி பக்கச்சுழலோடு பனானா ஃபிளிக் செய்தால் முன்பக்கம். தொடர்ந்து இரண்டாவது, மூன்றாவது டாப்ஸ்பின் வேகமெடுத்து வந்தாலும் முன்பக்கம். எதிராளி தன் பேக்ஹாண்ட் மூலைக்குச் சுற்றிப் போய் ஃபோர்ஹாண்டால் ஓங்கி அடித்துவிட்டுத் தன் வலப்பக்கத்தைத் திறந்துபோட்டிருந்தால், கண்டிப்பாக முன்பக்கம். பயந்தவர் இப்படிப் பந்துக்குப் பந்து பிரித்தறிந்து பயப்பட மாட்டார்.

முழங்கைப் பந்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஷேக்ஹாண்ட் ஆட்டத்தில் ஃபோர்ஹாண்டும் பேக்ஹாண்டும் சந்திக்கும் இடம் முழங்கை. அங்கே வரும் பந்துக்கு எந்த முகத்தைக் காட்டுவது என்று தடுமாறாத ஷேக்ஹாண்ட்காரர் அரிது. அதனால்தான் எந்த மட்டத்திலும் பயிற்றுநர்கள் ‘உடம்புக்குள் அடி’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பேனாப்பிடிக்காரர் முன்பக்கத்தால் பிளாக் செய்யும்போது ஃபோர்ஹாண்ட் அடிக்கும் அதே முகம்தான் பந்தைச் சந்திக்கிறது. முகம் மாற்றும் வேலை இல்லாததால் அந்தத் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிடுகிறது. எல்லாப் பந்தையும் பின்பக்கத்தால் ஆடச் சொல்கிறவர்கள், இந்தப் பிடி இயல்பாகக் கொடுத்த ஒரு வசதியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஷேக்ஹாண்டின் பிரச்சினையை இரவல் வாங்கச் சொல்கிறார்கள்.

அந்தத் தட்டல் எதிராளியிடமிருந்து பறிப்பது நேரத்தை. மேசையின் நீளம் 2.74 மீட்டர். பந்து துள்ளி எழும் தொடக்கத்திலேயே அதைச் சந்தித்துவிடுகிறவர், ஒரு மீட்டர் பின்னால் நின்று சுழற்றுகிறவரைவிடக் கணிசமாக முந்திக்கொள்கிறார். எதிராளியின் கை முந்தைய அடியை முடித்துத் திரும்புவதற்குள் பந்து அவர் பக்கம் வந்துவிடுகிறது. அதிலும் நம்மவரிடம் அந்த அடி மூன்று விதமாக இருக்கிறது. முன்னங்கையை நீட்டிப் பந்தைத் தள்ளி வேகம் கூட்டுவது ஒன்று. மட்டையைச் சற்றே பின்னிழுத்து, வந்த வேகத்தை உறிஞ்சி, வலைக்கு அருகில் பந்தைச் செத்து விழச் செய்வது இன்னொன்று. மட்டையைப் பக்கவாட்டில் இழுத்துப் பந்தை மேசைக்கு வெளியே வளைப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆயத்தம் ஒன்றுதான்: முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும், மட்டை வயிற்றுக்கு முன்னால் நிற்கும். பந்து பட்ட பிறகுதான் எது என்று தெரியும்.

இன்றைய ஷேக்ஹாண்ட் ஆட்டம் முழுக்கத் தாளத்தில் ஓடுகிறது. பேக்ஹாண்டுக்குப் பேக்ஹாண்ட், டாப்ஸ்பின்னுக்கு டாப்ஸ்பின், அதே வேகம், அதே உயரம். இளைஞர்கள் பயிற்சியில் மணிக்கணக்காக இதைத்தான் செய்கிறார்கள். அந்த ஓட்டத்தின் நடுவே வேகமும் சுழலும் இல்லாத ஒரு பந்து வந்து விழுவது, உந்தி ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை யாரோ பாதியில் பிடித்து நிறுத்துவதைப் போன்றது. ஆடுகிறவரின் உடம்பு முன்னே போய்விடுகிறது. எட்டிக் குனிந்து எப்படியோ அந்தப் பந்தைத் தூக்கி அனுப்புகிறார். அடுத்த பந்தை நம்மவர் ஃபோர்ஹாண்டால் முடிக்கும்போது மண்டபம் கைதட்டுகிறது. புள்ளி அதற்கு முந்தைய தட்டலிலேயே வென்றாகிவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்தக் குருட்டுத்தனத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1952 இல் பம்பாயில், ஆசியாவில் முதன்முறையாக நடந்த உலகப் போட்டியில், ஸ்பொஞ்ச் மட்டை பட்டம் வென்று ஆட்டத்தையே மாற்றிப்போட்டது. அதன்பின் 1954 முதல் 1965 வரை நடந்த ஒவ்வொரு உலகப் போட்டியிலும் ஆண்கள் ஒற்றையர் பட்டம் பேனாப்பிடியின் கைக்கே போனது. 1976 இல் மொன்ட்ரியாலுக்கு ஒலிம்பிக் வந்தபோது மேசைப்பந்துக்கு அதில் இடமில்லை. 12 ஆண்டுகள் கழித்து சோலில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து 2008 பெய்ஜிங் வரையான ஆறு ஒலிம்பிக்கில் நான்கு முறை ஆண்கள் ஒற்றையர் தங்கம் பேனாப்பிடிக்குக் கிடைத்தது. 2012 முதல் 2024 வரை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. இந்த வறட்சியைக் காட்டித்தான் ‘முடிந்துவிட்டது’ என்கிறார்கள். 2000 இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனபோதும் அதையே சொன்னார்கள்; 2014 இல் செலுலாயிட் போய்ப் பிளாஸ்டிக் வந்தபோதும் சொன்னார்கள்.

பந்து பெரிதாகிச் சுழல் குறைந்ததால் மேசையை ஒட்டி நின்று பிளாக் செய்வது முன்னைவிட எளிதாகியிருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பின்பக்கத்தால் அடிக்கும் முறை 1990களில் சீனப் பயிற்சிக்கூடங்களில் வளர்ந்து, பேனாப்பிடியின் பழைய ஓட்டையை அடைத்தது. அது பெரிய கண்டுபிடிப்பு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் புதிய கருவி கிடைத்த மகிழ்ச்சியில் பழையதைக் கைவிட்டதுதான் பிழை. ஒரு தலைமுறை முன்பக்க பிளாக்கைப் பயிற்சி செய்யாமலே வளர்ந்துவிட்டது.

மறுதரப்பின் வலுவான வாதம் கால்களைப் பற்றியது. பேனாப்பிடிக்கு அதிக ஓட்டம் வேண்டும், வயது ஏற ஏற முழங்கால் ஒத்துழைக்காது என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் ரப்பர் ஒட்டி, இடது மூலையிலிருந்தும் ஃபோர்ஹாண்டாலேயே அடித்த பழைய பாணிக்கு அது உண்மை. நம் ஆட்டக்காரருக்கு அது பொருந்தாது. சரியான பந்தை முன்பக்கத்தால் தட்டிவிடுவதால்தான் அவர் ஓட வேண்டியிருப்பதில்லை. ஒரு மாலை முழுவதும் அவரும் அவரைவிடப் பாதி வயதுள்ள எதிராளிகளும் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்று கண்ணால் அளந்து பாருங்கள். வியர்வையில் நனைந்து போவது இளையவர்தான்.

இந்தப் பிடி இங்கு அருகிப்போனதற்குத் தொழில்நுட்பத்தைவிடப் பயிற்சியே காரணம். இங்கே நான் காணும் பயிற்றுநர்கள் ஷேக்ஹாண்டில் வளர்ந்தவர்கள்; தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மட்டையைப் பேனா போலப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையின் விரல்களை முதல் நாளே பிரித்து மாற்றி வைத்துவிடுகிறார்கள். அதே பயிற்றுநர், சர்வீஸ் போடும்போது கடைசி மூன்று விரல்களைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டையைக் கவ்வச் சொல்கிறார். மணிக்கட்டு தளர்ந்தால்தான் சுழல் பிறக்கும் என்பது அவருக்கும் தெரியும். சர்வீஸுக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளும் அந்த மணிக்கட்டுச் சுதந்திரத்தைப் பேனாப்பிடி எல்லாப் பந்துக்கும் தருகிறது.

பாரிஸ் 2024 க்குப் பிறகு காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. மோன்பெலியேயில் வளர்ந்த 17 வயது பிரெஞ்சு இளைஞர் பேனாப்பிடியோடு ஒற்றையர் வெண்கலம் வென்றதை, பிரெஞ்சு பேசும் இந்த நகரம் தன் வீட்டுப் பிள்ளையின் வெற்றி போலப் பார்த்தது. அதன்பின் மண்டபத்தில் ‘போர்த்-பிளூம்’, அதாவது பேனாப்பிடி, பற்றி விசாரிக்கும் சிறுவர்களைக் காண்கிறேன். அந்தப் பிரெஞ்சு இளைஞர் இடப்பக்கத்தில் பெரும்பாலும் பின்பக்கத்தால்தான் அடிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் வேண்டவே வேண்டாம் என்று சிறுவர்களும் முடிவுகட்டினால் பாதிப் பிடியைத்தான் கற்றிருப்பார்கள். ஆற்றுக்கு அப்பால் லவாலிலிருந்தும், தெற்கே பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவரும் நம் தமிழ்ப் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளை இயல்பாகப் பேனாப்பிடி பிடித்தால் மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பின்பக்க டாப்ஸ்பின்னையும் முன்பக்க பிளாக்கையும் சேர்த்தே கற்றுத்தரக்கூடியவரைத் தேடுங்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். உலக மட்டத்தில் பேக்ஹாண்ட் வேகம் இதற்குமேல் அதிகம் கூடாது. வேகத்துக்கு வேகத்தால் பதில் சொல்லி அலுத்தபின், முன்பக்க பிளாக்கை மீண்டும் கையிலெடுக்கும் ஓர் இளம் பேனாப்பிடிக்காரர் வருவார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வருவார். 2028 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரட்டையர் போட்டிகள் 2004 க்குப் பிறகு முதன்முறையாகத் திரும்புகின்றன. இரட்டையரில் வலையோரக் குட்டைப் பந்துகளும் சர்வீஸும் ஒற்றையரைவிட அதிகம் தீர்மானிக்கும். மணிக்கட்டு விளையாடும் இடங்கள் அவை. பதக்க மேடையில் ஒரு பேனாப்பிடியாவது நிற்கும் என்று இப்போதே எழுதிவைக்கிறேன்.

நம் மண்டபத்தில் அதற்கு முன்னரே ஒரு மாற்றம் வரும். அடுத்த பருவத்தில் எதிராளிகள் நம்மவரிடம் வேகமாக அடிப்பதை நிறுத்துவார்கள். மெதுவாக, உயரமாக, சுழல் ஏற்றி அனுப்பத் தொடங்குவார்கள்; தட்டலுக்கு இரை போடாமல் இருப்பதற்காக. அப்போது அவர் முன்பக்கத்தைக் குறைத்துப் பின்பக்கத்தால் அதிகம் அடிப்பார். சுவரோரம் நிற்பவர்கள் ‘ஒருவழியாகத் திருந்திவிட்டார்’ என்பார்கள். அதை நம்பாதீர்கள். வரும் பந்து மாறியதால் அவருடைய விடையும் மாறியிருக்கும். வேகமாக அடிப்பதை எதிராளிகள் எந்த மாலையில் கைவிடுகிறார்களோ, முன்பக்கத் தட்டல் அந்த மாலையிலேயே வென்றுவிட்டது என்று கொள்ளுங்கள்.