கலமும் பெயரும்: சுபோத் குப்தாவின் பாத்திரப் படைப்புகள்

புழங்குபொருள்களைக் கூட்டிச் சேர்த்துக் கலைப்படைப்பாக்கும் முறையைப் பிரெஞ்சு ஓவியர் ழான் டுபுஃபே 1953-இல் 'அசெம்பிளாஜ்' எனக் குறித்தார். 1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சிக்குப் பின்னர் அச்சொல் நிலைபெற்றது. தமிழில் இதனைப் 'பொருட்கோவை' எனலாம். இந்தியாவில் இம்முறையால் உலகப் புகழ் பெற்றவர், பீகாரில் 1964-இல் பிறந்த சுபோத் குப்தா. அவர் பெரிதும் கையாண்ட பொருள் எவர்சில்வர் பாத்திரம். அதனைப் பற்றிப் பேசத் தமிழர்க்குத் தனி உரிமை உண்டு.

அவருடைய 'பெரும்பசித் தெய்வம்' (2006) வாளிகளும் குவளைகளும் மூடிகளும் சேர்ந்து அமைந்த மாபெரும் மண்டையோடு. முதலில் பாரிசுத் தேவாலயம் ஒன்றிலும், 2007-இல் வெனிசின் பெருங்கால்வாய்க் கரையிலும் வைக்கப்பட்டது. உணவுக்கலமே மரணமாதல் இதன் கருத்து என்பர். இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் போதாது. அப்பாத்திரங்கள் யாவும் புதியவை. எவர் கையும் படாதவை. சற்றுத் தள்ளி நின்றால் வாளி வாளியாகத் தோன்றுவதில்லை. மண்டையோட்டின் துணுக்காகவே தோன்றுகின்றது.

தமிழ் இல்லத்திலோ பாத்திரம் பெயரோடு வருவது. கடையிலேயே விளிம்பருகில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவர். சீராக வந்ததா, மொய்யாக வந்ததா, யார் தந்தது என்பதனை அப்புள்ளிகள் சொல்லும். மறைந்துபோன பெரியத்தையின் பெயர் பேத்தியின் சமையலறையில் பாதி தேய்ந்து நிற்பதும் உண்டு. இதனை அறிந்த கண்ணுக்குக் குப்தாவின் பளபளப்பு முதலில் ஒரு வெறுமையாகவே படும்.

இதற்கு மறுப்பும் உண்டு. பித்தளையையும் வெண்கலத்தையும் ஒதுக்கிவிட்டு எவர்சில்வர் அடுக்களைக்குள் புகுந்தபோது, அது சமைப்பதற்கு மட்டுமன்றி அடுக்கி வைத்துக் காட்டுவதற்கும் உரியதாயிற்று. அந்த ஆசையைப் புதுப்பாத்திரமே காட்டவல்லது. இதனை நாம் ஏற்கின்றோம். ஆயின் 'எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு' (2008) அணுகுண்டு முகிலாக எழுந்தபோது உருவம் மாறியதேயன்றி முறை மாறவில்லை. பாத்திரம் மீண்டும் பிறிதொன்றின் செங்கல்லாயிற்று.

2012-இல் கொச்சி முசிறிஸ் பியன்னாலேயில் வைத்த படைப்பு வேறு வகையினது. நீண்ட கேரளப் படகு ஒன்றில் நாற்காலி, கட்டில், மீன்வலை, பழம்பாத்திரம் என ஒரு குடித்தனமே ஏற்றப்பட்டிருந்தது. ஆற்றில் இல்லாத எதனைக் கலம் கொண்டுள்ளது என்னும் வினாவே அதன் தலைப்பு. மரக்கலத்தையும் உண்கலத்தையும் ஒரே சொல்லால் வழங்கும் தமிழர்க்கு இவ்வினா உரை வேண்டாமலே விளங்கும். கப்பலேறி வந்தோர் வழியினராகிய நமக்கு இன்னும் நெருங்கி விளங்கும். இங்குப் பொருள்கள் எந்த உருவத்திற்கும் அடிமைப்படவில்லை. கட்டில் கட்டிலாகவே பயணம் செய்கின்றது.

2017-இல் பேசல் நகரில் பழைய அலுமினியப் பாத்திரங்களைத் தொங்கவிட்டுக் குடில் அமைத்து, அதனுள் அவரே சமைத்து வந்தோர்க்குப் பரிமாறினார். அப்பாத்திரங்களில் நசுங்கலும் கீறலும் இருந்தன. அவற்றைத் தேய்த்துக் கழுவிய கைகள் யாருடையவை என்று கேட்கத் தோன்றுகின்றது. மண்டையோட்டின் முன் அக்கேள்வி எழுவதில்லை.

எனினும் வகுப்பறையில் நாம் இதுகாறும் காட்டி வந்தது அம்மண்டையோட்டின் படத்தையே. குறியீட்டை விளக்குவது எளிது. மாணவரும் உடனே குறிப்பெடுத்துக்கொள்வர். வரும் பருவத்தில் படகிலிருந்து தொடங்க எண்ணியுள்ளோம்.