காஃப்காவின் மேல் தங்க எக்காளங்கள்

நாவல் ஒன்றைச் சொல்லிக் குழந்தைகளைப் படம் வரைய வைத்தால், பெரும்பாலும் நாயகன் முகம், ஒரு குதிரை, ஒரு கோட்டை. பிடிச்ச காட்சியை வரைன்னு சொன்னா வேற என்ன வரும்? அதனாலதான் டிம் ரோலின்ஸும் கே.ஓ.எஸ். குழுவும் செய்த ‘அமெரிக்கா’ ஓவியங்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

1980களின் தொடக்கம். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில், கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளுக்கு ரோலின்ஸ் ஆசிரியர். அவர் சத்தமாக வாசிப்பார், இவர்கள் கேட்டுக்கொண்டே வரைவார்கள். குழுவின் பெயர் ‘கிட்ஸ் ஆஃப் சர்வைவல்’.

காஃப்காவோ அமெரிக்கா பக்கமே போகாதவர். சுதந்திர தேவி கையில் தீப்பந்தத்துக்குப் பதில் வாளைக் கொடுத்துவிட்டார்! நாவலை முடிக்கவும் இல்லை. அவர் இறந்தபின் 1927-ல் ‘அமெரிக்கா’ என்று பெயர் வைத்து வெளியிட்டவர் நண்பர் மாக்ஸ் பிராட். அதன் கடைசிப் பகுதியில் ஒரு நாடக அரங்கம் வருகிறவர்களுக்கெல்லாம் வேலை உண்டு என்கிறது. வாசலில் தேவதை வேஷம் போட்ட பெண்கள் பீடங்களில் நின்று, சுருதி சேராமல், எக்காளம் ஊதுகிறார்கள்.

ரோலின்ஸ் அந்தக் காட்சியை வரையச் சொல்லவில்லை. உன் எக்காளம் எப்படி இருக்கும் என்று கேட்டார். நாவலின் தாள்களையே பிரித்து, வரிசையாகத் துணியில் ஒட்டி, அதன்மேல் தங்க நிறத்தில் வரைந்தார்கள். ஒன்று எலும்பு மாதிரி, ஒன்று குடல் மாதிரி, ஒன்று பூ மாதிரி சுவரளவுக்குப் பின்னிக் கிடக்கும். கதாநாயகன் கார்ல் எங்கேயும் இல்லை. முகம் இல்லாததால் ‘சரியா வரையலை’ன்னு யாரும் யாரையும் திருத்த முடியாது. சுருதி சேராததும் நாவலிலேயே இருக்கிறது. இதைவிட நல்ல வாசிப்பை நான் எந்தக் கட்டுரையிலும் பார்க்கவில்லை.

உறுத்தலும் உண்டு. அது யாருக்குப் பிடிச்ச நாவல்? வாத்தியாருக்கு. அவர் பெயர் முழுசா முன்னால் நிற்கிறது, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து மூன்றெழுத்து. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரைக்கும் போன படத்தில், எந்த எக்காளம் யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. கூட்டு உழைப்பு, சரி. அப்படின்னா அவர் பெயரும் உள்ளேயே கரைஞ்சிருக்கலாமே?

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஆறு பேரோடு ‘பொன்னியின் செல்வ’னில் முயன்றேன். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்ளும் ஊரில் புத்தகத்தைக் கிழிக்க யார் விடுவார்கள்? நாட்டுடைமை ஆன நூல் என்பதால் இணையத்திலிருந்து பக்கங்களை அச்செடுத்தேன். முதல் நாள் எல்லாரும் சினிமாவில் பார்த்த வந்தியத்தேவனையே வரைந்தார்கள். (எங்கள் தலைமுறை என்றால் மணியம் வரைந்ததைக் காப்பி அடித்திருப்போம்.) அடுத்த வாரம் ஆளே வேண்டாம், வால்நட்சத்திரம் மட்டும் என்றேன். இரண்டு பேர் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் நாலு பேரிடம் நாலு வால்கள். ஒருத்தி வாலைப் பக்கம் முழுக்க இழுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அங்கிள், இதுக்கு அடியில என்ன எழுதியிருந்துச்சு?”

இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. மொபைலில் தேடித்தான் வாசித்துக் காட்டினேன்.