மேட்டைப் பார்த்தா, பள்ளத்தைப் பார்த்தா?

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட ஜீப்கள் கிளம்பத் தொடங்கிவிடும். பாயில் புரண்டபடியே அந்தச் சத்தங்களை 'இது டிஐ, இது பியூஜோ, இது மூணாம் நாசில் ஒழுகுற பியூஜோ' என்று பிரித்துச் சொல்கிறவர்கள் அந்த ஊரில் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் உண்டு. பேர் போட்டால் கோபித்துக்கொள்வார். பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், அதில் தொங்கும் செயின் பிளாக், அவ்வளவுதான்.

சூரியநெல்லியிலிருந்து ஒருவர் தன் எம்எம் 540ஐ அவரிடம் கொண்டுவந்தார். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி சோர்ந்த பிறகுதான் வண்டி பிடிக்கும். பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. வருவதற்கு முன்பே ஹீட்டர் பிளக் நாலும் புதுசு, பேட்டரி புதுசு, நாசில் நாலும் டெஸ்டிங் போய் வந்துவிட்டன. அடுத்து பம்பை இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். பெரியவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"நைட்டு வண்டிய எப்பிடிப்பா நிப்பாட்டுவ? மேட்டப் பாத்தா, பள்ளத்தப் பாத்தா?"

"மேட்டப் பாத்துத்தாண்ணே. வாசல் அப்பிடி."

"இன்னிக்கு ஒரு நாளு திருப்பிப் போடு. காலைல அடிச்சுப் பாத்துட்டு வா."

இந்தக் கேள்விக்காகவே அவரை மற்ற எல்லாரையும்விட ஒரு படி மேலே வைக்கலாம். ஜீப் ரசிகர்களோ பொதுவாக இதையெல்லாம் விட்டுவிட்டு டிஐயா பியூஜோவா, எந்த எஞ்சின் உசத்தி என்றுதான் பேசுவார்கள்.

அந்தச் சண்டையில் இந்தக் கட்டுரை பியூஜோவின் பக்கம். எக்ஸ்டிபி 4.90 என்ற பேரிலேயே நாலு சிலிண்டரும் 90 மில்லிமீட்டர் போரும் வந்துவிடுகின்றன. ஸ்ட்ரோக் வெறும் 83, மொத்தம் 2,112 சிசி. 1947இல் 75 ஜீப்களை உதிரியாக இறக்கிப் பூட்டித் தொடங்கிய மஹிந்திரா, 1979இல் பிரான்சின் பியூஜோவிடமிருந்து உரிமம் வாங்கிய எஞ்சின் இது. டிஐ எஞ்சினின் பூர்வீகம் வேறு. அது பி275 டிராக்டர் வம்சம். 88.9 போருக்கு 101.6 ஸ்ட்ரோக், 2,523 சிசி. போரைவிட ஸ்ட்ரோக் நீளம் என்பதால் கீழ் சுற்றிலேயே இழுவை கிடைக்கும். டீசல் குறைவாகக் குடிக்கும், ஹீட்டரை எதிர்பார்க்காமல் பிடிக்கும். டிஐ ரசிகர்கள் சொல்லும் இதெல்லாமே உண்மைதான். ஆனால் ஐடிலிங்கில் டிஐ ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் முகம் தெரியாது, நடுக்கம்தான் தெரியும். பியூஜோ ஆக்சிலரேட்டருக்கு உடனே சுற்று ஏறும், இறங்கும். கொண்டை ஊசியில் செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு வரும்போது அந்த வேகம் என்ன என்று கைக்குத் தெரியும்.

அதைவிட முக்கியம், பியூஜோ தன் நோயைத் தெளிவாகச் சொல்லும். டிஐயின் இயல்பான அடிதடியில் பாதிக் குறைகள் ஒளிந்துகொள்ளும்.

பெரியவர் சிலிண்டர் 'கட்' பண்ணிப் பார்ப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் விட்டு, 17ஆம் நம்பர் ஸ்பேனரை முதல் நாசில் பைப்பின் நட்டில் வைப்பார். மேலே ஒரு மடிப்பு வேஸ்ட் துணி. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலையே துளைத்து உள்ளே போய்விடும் என்பதை அவர் யாருக்கும் விளக்குவதில்லை, துணி இல்லாமல் தொடவும் மாட்டார். அரைச் சுற்றுதான் திருகுவார். எஞ்சின் ஒரு கால் இழந்ததுபோல் நொண்டும். இறுக்குவார், நிமிரும். இரண்டாவது, அதே நொண்டல். மூன்றாவதில் நட்டைத் தளர்த்தியும் எஞ்சினின் நடை மாறவில்லை என்றால், ஏற்கெனவே வேலைக்கு வராத ஆள் அதுதான். தட்டல் சத்தத்துக்கும் இதே வழி. ஒரு நட்டைத் தளர்த்தியதும் தட்டல் அடங்கினால் குற்றம் அந்தச் சிலிண்டரில். நாலையும் மாற்றி மாற்றித் தளர்த்தியும் அடங்காவிட்டால் அது எரிப்பால் வரும் சத்தமே இல்லை, டேப்பட்டையோ டைமிங் கியரையோ போய்ப் பார்க்க வேண்டும். பிறகு நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோடு அழுத்தி, முனையை பிளாக்கில் ஒவ்வொரு இடமாக வைப்பார். அப்போது பட்டறைப் பையன் ரேடியோவைத் தானே அணைத்துவிடுவான். மொத்தம் ஐந்து நிமிடம். எதையும் கழற்றவில்லை, காசும் ஆகவில்லை.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து அதே வாய்மேல் வைப்பதும் அவர் பழக்கம். மூடி தத்தளித்தால் ரிங் போகப்போகிறது. எகிறி விழுந்தால் போய்விட்டது.

இப்போது வழக்கம் தலைகீழ். சந்தேகம் வந்த பொருளை மாற்றுவது, சரியாகவில்லை என்றால் அடுத்த பொருள். மாற்றும் நாசில் ஒழுங்கானதாக இருந்தாலாவது பரவாயில்லை. பெட்டியில் பெரிய கம்பெனிப் பேர், உள்ளே எங்கோ கடைந்த சரக்கு. டெஸ்டிங் மேடையில் வைத்தால் புகையாகத் தூவ வேண்டியது குழாய்த் தண்ணீராக விழுகிறது.

இதைவிட வயிற்றெரிச்சல் தெர்மோஸ்டாட் விஷயம். ஹீட் ஆகிறது என்று யார் வந்தாலும் முதல் வேலையாக அதைக் கழற்றித் தூர எறிவது நம்மூர் மெக்கானிக்குகளின் குலவழக்கம். சமவெளி வெயிலில் அதன் பாவம் உடனே தெரியாது. மலையில் தெரியும். எண்பது டிகிரிக்கு வர வேண்டிய தண்ணீர் ஐம்பதிலேயே நிற்கும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும், லைனர் சுவரிலிருந்து ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இரண்டு வருடம் கழித்து 'பியூஜோ சீக்கிரம் போர் தேயும்' என்று பேர் மட்டும் எஞ்சினுக்கு.

புகையின் நிறத்தையும் ஊர் பார்த்துத்தான் படிக்க வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாறைப் பாதையில் ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. கொழுக்குமலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டம், வழி மட்டும் கேரளம். 7,000 அடிக்கு மேல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும். பம்ப்போ கீழே தள்ளிய அளவு டீசலையே மேலேயும் தள்ளும். போடியில் சுத்தமாக ஓடிய வண்டி அங்கே கருப்பு கக்குவது நோயல்ல. அதைப் பார்த்துப் பயந்து மேலே ஒருவரிடம் பம்பைக் குறைத்து வைத்துவிட்டு, கீழே வந்ததும் 'வண்டி இழுக்கலண்ணே' என்று பெரியவரிடம் நின்றவர்கள் உண்டு.

எஞ்சினையே தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான் எஞ்சின், ஐந்து கியர் பெட்டி, பவர் ஸ்டியரிங் பூட்டுகிறவர்கள் இன்னொரு கட்சி. கூலியாட்களை ஏற்றிக்கொண்டு தினம் மலையேறுகிறவர் அப்படிச் செய்தால் பிழைப்பு, பேச ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறவர், அகல டயரும் பளபளப்புப் பெயின்டும் போட்டு 'பழைய ஜீப்' என்று நிறுத்தும்போதுதான் பியூஜோக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

சூரியநெல்லிக்காரர் மறுநாள் மத்தியானமே வந்துவிட்டார். மூஞ்சியைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தார். காலையில் அரைச் சுற்றில் பிடித்துவிட்டது. டேங்க் சீட்டுக்கு அடியில், எஞ்சின் முன்னால். மேட்டைப் பார்த்து நின்றால் லைனில் இருக்கும் டீசல் இரவெல்லாம் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கும், காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் மட்டும். அந்த வழி டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம், காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்து கிடப்பதால் யாரும் அங்கே பார்ப்பதில்லை.

பெரியவர் அந்த இடத்து ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு, கொத்தனார் தண்ணி மட்டம் பார்க்கும் ட்யூபில் ஒரு முழம் வெட்டி மாட்டினார். பிரைமரைக் கையால் அடித்துக் காற்றை எடுத்தார், ஓடவிட்டார். ட்யூபுக்குள் டீசல் ஒரு குமிழி இல்லாமல் போயிற்று. கழற்றிய ஹோஸை வளைத்துக் காட்டினார். கிளிப் அழுத்தியிருந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. புது ஹோஸ் இரண்டு சாண், கிளிப் இரண்டு.

பழைய ஹீட்டர் பிளக்குகள் டூல் பாக்ஸிலேயே கிடந்தன. பேட்டரியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நாலும் சிவந்தன. "இதுக உனக்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் தகர டப்பாவில் போட்டுக்கொண்டார்.