தலைக்கணக்கும் நிலக்கணக்கும்

'சாதிக் கணக்க வெளியிடாதீங்க, ஊரு ரெண்டாப் போயிடும்' என்கிறார்கள். ஊர் எப்போது ஒன்றாக இருந்தது? ஊர் வேறு, சேரி வேறு. சுடுகாடும் ரெண்டு. எந்தக் கணக்கெடுப்பு வந்து இதைப் பிரித்தது?

ஆனாலும் அந்தப் பேச்சை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. 1901 கணக்கெடுப்பில் ஆணையர் ரிஸ்லி சாதிகளை எண்ணியதோடு நிற்கவில்லை. எது மேல், எது கீழ் என்று வரிசையும் போடச் சொன்னார். சாதிச் சங்கங்கள் கிளம்பின. 'நாங்க சத்திரியர்', 'நாங்க வைசியர்' என்று மனுமேல் மனு. 1911-இல் வங்காளத்தில் மட்டும் வந்து குவிந்த மனுக்களின் எடை ஒன்றரை மணங்கு! மேலே ஏறத் துடித்த ஒவ்வொரு சாதிக்கும் 'நாங்க இவனுங்க மாதிரி இல்ல' என்று காட்டக் கீழே ஒருத்தன் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் யாரை நிறுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அதே 1911 கணக்கெடுப்பில், கோயிலுக்குள் விடப்படாதவர் யார், தொட்டால் தீட்டு எனப்படுபவர் யார் என்று தனியே விசாரிக்கச் சொன்னார் ஆணையர் கெய்ட். இந்துக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் சூழ்ச்சி என்று கூச்சல் எழுந்தது. 1932-இல் லோதியன் வாக்குரிமைக் குழு வந்தபோது, எங்கள் மாகாணத்தில் தீண்டத்தகாதவர்களே இல்லை, இருந்தாலும் கொஞ்சம்பேர்தான் என்று சாதி இந்துக்கள் சாதித்தார்கள். அம்பேத்கர் இந்தப் புளுகை எழுத்தில் அம்பலப்படுத்தினார். கிணத்தடியில் கண்ணுக்குத் தெரிந்த சனம், பிரதிநிதித்துவம் என்றதும் கணக்கில் காணாமல் போனது.

ஆகவே எண்ணிக்கையை வெளியிடுவது மட்டுமல்ல, மறைப்பதும் பிரிவினைதான். 1951 முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பும் பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் மட்டும் தனியே எண்ணி அச்சிட்டது. மற்றவர்கள் ஒரே போர்வைக்குள். நமக்குச் சாதி உண்டு, அவர்களுக்கு இல்லையாம்!

பீகாரைப் பாருங்கள். 2023 அக்டோபர் 2-இல் தலைக்கணக்கு வந்தது: மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம், யாதவர் 14.26, பட்டியல் சாதியினர் 19.65. உடனே யார் பெரிசு, யாருக்கு எத்தனை சீட்டு என்ற பேச்சு. நவம்பரில் அதே கணக்கெடுப்பின் வருமான விவரம் வந்தது. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குள் பிழைக்கும் குடும்பங்கள் பொதுப் பிரிவில் 25.09 சதவீதம், பட்டியல் சாதியில் 42.93. முதல் கணக்கு 'நாம எத்தனை பேரு' என்று மார்தட்ட வைக்கிறது. இரண்டாவது 'சொத்து யார்ட்ட இருக்கு' என்று கேட்க வைக்கிறது. ஆதிக்க சாதிக்கு முதல் கணக்குப் போதும்.

நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு மாநிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருப்போம். ஆனால் ஊர் ஊராகச் சிதறி, பெரும்பாலான ஊர்களில் சிறுபான்மையாகக் கிடக்கிறோம். 'எண்ணிக்கை உள்ளவனுக்கே அதிகாரம்' என்றால், பஞ்சாயத்திலும் வயக்காட்டிலும் நம்மை மிரட்ட அந்த எண்ணிக்கையே தடியாகும்.

சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்த ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு 2025 ஏப்ரல் 30-இல் முடிவெடுத்தது. நல்லது, வாசலுக்கு வந்து கேட்கட்டும், சொல்வோம். ஆனால் வெளியிடும்போது தலையை மட்டும் எண்ணிக் காட்டாதே. எந்தச் சாதியிடம் எத்தனை ஏக்கர், எந்தச் சாதிக்கு எத்தனை அரசு வேலை, மலக்குழிக்குள் இறங்குகிறவன் எந்தச் சாதி, எல்லாத்தையும் ஒரே பக்கத்தில் அச்சடி. அப்புறம் தெரியும், ஊரைப் பிரித்தது யாரென்று.