தளபதியின் மௌனமும் சின்னத்தின் மௌனமும்

வாஷிங்டனில் கேபிடல் கட்டடத்தின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் தளபதியாக இருந்த யுலிசஸ் கிராண்டின் நினைவுச்சின்னம். குதிரைமேல் அமர்ந்த தளபதியின் கையில் உயர்த்திய வாள் இல்லை. தொப்பி நெற்றியை மறைக்கிறது, தோள்கள் தொய்ந்திருக்கின்றன. நியூயார்க்கில் சிற்பி செயின்ட்-கோடன்ஸ், அதே போரின் இன்னொரு வடக்குத் தளபதியான ஷெர்மனின் சிலைக்குப் பொன்முலாம் பூசி, வழிநடத்த வெற்றித் தேவதையையும் முன்னால் விட்டார். கிராண்ட் சின்னத்தின் சிற்பி ஹென்றி ஷ்ரேடி அந்த மரபை மறுத்தது துணிவான தேர்வு.

மறுத்த வேகத்தையெல்லாம் இருபுறமும் உள்ள சிற்பத் தொகுதிகளில் கொட்டியிருக்கிறார். ஒருபுறம் பாயும் குதிரைப்படை. அதில் ஒரு குதிரை சரிந்துவிட்டது. பின்வரும் குளம்புகளில் மிதிபடப்போகும் வீரனுக்குச் சிற்பி தன் முகத்தையே தந்திருக்கிறார். மறுபுறம் சேற்றில் பீரங்கியை இழுக்கும் படை. திரும்பும்படி சைகை வந்துவிட்டது, ஆனால் முன்குதிரையின் கடிவாள வார் அறுந்திருக்கிறது. சேணம், வார், கொக்கி என எதையும் விடாத ஷ்ரேடியின் நுணுக்கம் சில இடங்களில் படைக்கலக் கிடங்கின் பட்டியலாகிவிடுகிறது. இந்த அறுந்த வாரில் மட்டும் நுணுக்கமே பொருளாகிறது. கட்டளை ஒன்று, களம் வேறு என்பதை வேறெந்தப் போர்ச் சிற்பமும் இவ்வளவு சிக்கனமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அமைப்பில்தான் குறை. பீடம் மட்டும் 22 அடி. தளபதியின் முகம் தெளியும் இடத்தில் நின்றால் பக்கத் தொகுதிகள் பார்வையிலிருந்து நழுவுகின்றன. அவற்றை நெருங்கினால் தளபதி வெறும் நிழலுரு. மூன்றும் ஒன்றையொன்று விளக்க வேண்டிய சிற்பங்கள். காவலுக்குக் கிடக்கும் நான்கு சிங்கங்கள் ஐரோப்பியச் சம்பிரதாயம், நீக்கினால் இழப்பில்லை.

பெரிய குறை கருத்தில். பீடத்தில் 'கிராண்ட்' என்ற பெயர் மட்டுமே உண்டு. இத்தனை துயரம் எதற்காக என்ற கேள்விக்குப் பதிலாக, அடிமைமுறையை நினைவூட்டும் குறி ஒன்றுகூட அந்த வெண்கலக் குழுக்களில் இல்லை. வடக்கும் தெற்கும் சமரசம் பேசிய காலம் அது என்பார்கள். ஆனால் 1897லேயே பாஸ்டனின் ஷா நினைவுச்சின்னம் கறுப்பின வீரர்களை அவர்களின் தளபதி ஷாவோடு அணிவகுக்க வைத்துவிட்டது. அதைச் செய்தவரும் செயின்ட்-கோடன்ஸ்தான். காலத்தைச் சாக்காக்க முடியாது.

1902இல் பணியைப் பெற்ற ஷ்ரேடி, 1922 ஏப்ரல் 27 திறப்பு விழாவுக்குப் பதினைந்து நாள் முன் இறந்தார். காலாட்படைப் புடைப்புகளைப் பிறர் முடித்தனர். அந்த மரணம் எழுப்பும் அனுதாபத்தை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டியதில்லை. போரின் விலையைக் காட்டுவதில் அமெரிக்கக் குதிரைச் சிலைகளில் இதற்கு இணையில்லை. போரின் காரணத்தைச் சொல்வதில் இது ஷா சின்னத்துக்கு ஒரு படி கீழேதான்.