கைத்துப்பாக்கி காக்குமா?

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது தெள்ளார். வரலாறு படித்தவர்களுக்கு இது மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியரை முறியடித்த களம். சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கு ஆரணிப் பட்டு நெசவோடு பிழைப்பு பின்னிக் கிடக்கும் ஊர்களில் ஒன்று. தறியிலிருந்து அறுத்த சேலைகள் மூட்டையாகி, இருசக்கர வண்டியில் ஏறி ஆரணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகின்றன. திரும்பும்போது அதே வண்டியில் பாவும் ஜரிகையும் கூலிப் பணமும் வருகின்றன. ஒரு மூட்டைச் சரக்கு லட்சங்களைத் தொடும். இருட்டிவிட்டால் வழியெல்லாம் வயல்தான். இப்படிப் போய்வருகிறவரிடம் டீக்கடையில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள்: “அண்ணே, பேசாம ஒரு லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கி ஒண்ணு இடுப்புல வச்சுக்குங்க.” பாதி கிண்டல், பாதி அக்கறை.

இந்த யோசனையைச் சிரித்துத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பயந்து நடமாடும் ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி தேடுவது பைத்தியக்காரத்தனம் அல்ல. சட்டமே அவர் பக்கம் நிற்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை அமர்ந்திருக்கின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் நேர்ந்தால், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதல் நேர்ந்தால், தாக்குகிறவரைக் கொல்லும் அளவுக்கும் தற்காப்பு உரிமை நீள்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2012இல் மதுரையில் ஒரு தாய், தன் மகளிடம் அத்துமீறிய கணவனை அடித்தார், அவன் செத்தான். அப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க், இது தற்காப்பு என்று 100ஆம் பிரிவின்கீழ் அந்தப் பெண்ணை விடுவித்தார். அவர் கையில் இருந்தது கிரிக்கெட் மட்டை.

ஆகவே உரிமை இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. அந்த உரிமைக்குக் கைத்துப்பாக்கி சரியான கருவியா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அது கைக்கு வரும் வழி. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்தப் பாகுபாட்டைச் சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் அகற்றியது; அனுமதி தரும் கையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. விண்ணப்பம் கலெக்டரிடம் போகும், காவல் நிலைய விசாரணை வரும், தகுந்த காரணம் உண்டு என்று அவருக்குப் படவேண்டும். 2016 விதிகள் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியைச் சேர்த்தன. 2019 திருத்தம் ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் ஆயுளை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது. உரிமமின்றி வைத்திருந்தால் சிறை.

கடுமையான வாசல்தான். தமிழ்நாட்டில் அதன் பலனும் கண்கூடு. மத்திய உள்துறை 2016 இறுதி நிலவரமாகச் சொன்ன கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கு மேற்பட்ட ஆயுத உரிமங்கள். தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம். இங்கே கொலை நடக்கவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே கொலை அரிவாளால் நடக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளைத் தேடி மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டபோது சிக்கியவற்றில் பெரும்பாலானவை கத்தியும் அரிவாளும். துப்பாக்கி விரல்விட்டு எண்ணும் அளவு. அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்களிடம், வாங்குகிறவர் பெயரைக் குறித்து வையுங்கள் என்று சொல்லும் நிலை. அரிவாளோடு வருகிறவனுக்குக் கைக்கெட்டும் தூரம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அது வேண்டாம். ஒரு தெருச் சண்டையில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை இந்த வேறுபாடு தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுக்கு வாய்த்த இந்த நிலையை இழந்துவிடக் கூடாது என்பதே என் முதல் வாதம்.

ஆனால் தெள்ளார்ச் சாலையில் போகிறவரிடம் மாநிலக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? அவருடைய கேள்வி அந்தச் சாலையைப் பற்றியது. அவர் எப்படித் தாக்கப்படுவார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வழிப்பறிக்காரன் முன்னறிவிப்பு கொடுத்து வருவதில்லை. பின்னால் வண்டியில் இருவர், ஒரு உதை, விழுந்தவர் எழுவதற்குள் மூட்டை போய்விடும். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதியது இன்றும் பயிற்சி வகுப்புகளில் பேசப்படுகிறது: கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவன் ஓடிவந்து குத்த ஒன்றரை நொடி போதும், பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து உருவிச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அது எதிரே வருகிறவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவருக்கான கணக்கு. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சேலை மூட்டையோடு துப்பாக்கியும் போகும், திருடனுக்கு இரட்டை லாபம்.

பெண்களின் பயம் வேறு வகை. நம் ஊர்களில் அதற்குச் செயின் பறிப்பு என்று பெயர். கழுத்தில் கை படுவதும் தாலிக்கொடி அறுவதும் ஒரே நொடியில் முடிந்துவிடும். அதன்பின் துப்பாக்கியை எடுத்தால் ஓடுகிறவன் முதுகில்தான் சுடவேண்டும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பறிப்பை பாரதிய நியாய சன்ஹிதா 304ஆம் பிரிவில் திருட்டின் ஒரு வகையாக வைத்திருக்கிறது, தண்டனை மூன்றாண்டு வரை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாத வெறும் திருட்டில், திருடனைக் கொல்லும் உரிமை பொருளின் சொந்தக்காரருக்குக் கிடையாது. சுட்டவர் கொலை முயற்சி வழக்கில் நிற்பார், பறித்தவன் சாட்சிக்கூண்டில் நிற்பான்.

இதை அறியாமலா 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்று கொண்டுவந்தது? 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பலியான பெண்ணை நாடு நிர்பயா என்று அழைத்தது; அதே பொருளில் ஆயுதத்துக்குப் பெயர். எடை அரைக் கிலோ, கைப்பைக்குள் அடங்கும், அன்றைய விலை 1.22 லட்சம் ரூபாய். பேருந்தில் போகும் பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம், ரிவால்வர் வாங்கும் வசதி காரில் போகும் பெண்ணுக்கு. தறிக் கூலியில் வாழும் குடும்பத்துப் பெண் மாதக்கணக்கில் நெய்து சேர்த்தாலும் இதன் விலைக்குப் பக்கத்தில் வரமாட்டார். ஒரு கொடுமையின் நினைவை விற்பனைப் பெயராக்கியது ரசனைக்கேடு என்று அன்றே சிலர் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது, பேருந்தையும் தெருவையும் பத்திரமாக்க வேண்டிய அரசு தன் தொழிற்சாலையில் செய்த ஆயுதத்தைப் பெண்ணிடம் விற்று, இனி உன் பாடு என்று சொன்னதுதான்.

அமெரிக்காவில் இதன் மறுகோடியைப் பார்க்கலாம். வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தகுந்த காரணம் காட்டவேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் கலெக்டருக்கு இருக்கும் அதிகாரம் போன்ற ஒன்று அங்கே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றாகிவிட்டது. அங்கே துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கேரி கிளெக் 1995இல் ஆண்டுக்கு 25 லட்சம் நிகழ்வு என்றார். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ சொல்கிறது. தப்பித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. மறுபக்கத்தில், 1993இல் ஆர்தர் கெல்லர்மான் குழு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு என்றது. ஆபத்தில் இருப்பவர்கள்தானே துப்பாக்கி வாங்குவார்கள் என்று அதை மடக்கியவர்கள் உண்டு, நியாயமான மறுப்பு. ஆனால் 2022இல் கலிபோர்னியாவை வைத்து வந்த பெரிய ஆய்வு, தான் வாங்காமல், வாங்கியவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களைக் கணக்கெடுத்தது. அவர்கள் கொலையாகும் விகிதம் இரு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் துணைவரால் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்நாட்டுத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலைக்கென்று வாங்கிய பொருள் பெரும்பாலான நேரம் அலமாரியில்தான் கிடக்கிறது; குடியும் கடனும் சண்டையும் அந்த அலமாரி இருக்கும் வீட்டில்தான் நடக்கின்றன.

தமிழர் நினைவில் இருக்கும் மிகப் பெரிய கைத்துப்பாக்கிச் சம்பவமும் சாலையில் நடந்ததல்ல. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டத்து வீடு. ஒரே தொழிலில் பல ஆண்டு கூட இருந்த மனிதர் பேச வந்தார். எம்.ஆர்.ராதா சுட்டார், எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதாவும் தன்னைச் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம். எம்.ஜி.ஆரின் குரல் அதன்பின் பழையபடி இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தின் பலமான வாதம் பட்டு வியாபாரியிடமிருந்து வருவதல்ல, பலரும் படிக்காத ஒரு விதியிலிருந்து வருகிறது. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 3ஆம் விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடங்களில் மாநில அரசு என்ன செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. தேவையென்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமத்தை ரத்து செய்து ஆயுதத்தை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உயிர், உடைமைக் காப்புக்காக ஆயுத உரிமம் கொடுக்கவேண்டும். யார் கையில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து, யார் கையில் இருந்தால் காப்பு என்று சாதியின் பெயரைச் சொல்லியே பிரித்துப் பார்த்த விதி இது. ஆயுத உரிமத்தை ஊர்ப் பெரிய மனிதரின் அந்தஸ்தாக மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிர்ச்சி தரவேண்டும். சேரியைச் சூழ்ந்து ஒரு கும்பல் வரும் இரவில், ஸ்டேஷனுக்குப் போன் செய்து காத்திருங்கள் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் அந்த விதியின் முதல் பாதிதான் அதிக நன்மை தரக்கூடியது என்று நினைக்கிறேன். ஒரு தெருவில் பத்துப் பேருக்கு உரிமம் கொடுத்தால், எதிர்த்தெருவில் நூறு பேர் உரிமம் இல்லாமலே தேடிக்கொள்வார்கள். எண்ணிக்கையும் பணமும் யார் பக்கம் என்பது ஊருக்குத் தெரியும். தெள்ளார் இருக்கும் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று பட்டியல் சாதி மக்கள் பல பத்தாண்டுக்குப் பின் கோயிலுக்குள் போனார்கள். அவர்களை உள்ளே கொண்டுபோனது யாருடைய இடுப்புத் துப்பாக்கியும் அல்ல; கலெக்டரும் நூற்றுக்கணக்கான போலீசாரும் அன்று அங்கே நின்றதுதான். அரசு நிற்க மனம் வைத்தால் நிற்கமுடியும் என்பதற்குச் சான்று. மறுநாள் நிற்குமா என்பது வேறு கேள்வி, கேட்கவேண்டிய கேள்வியும்கூட.

உரிமம் வாங்கியவரின் பாதுகாப்பை அரசே எவ்வளவு பொருட்டாக மதிக்கிறது என்பதற்குத் தேர்தல் காலம் நல்ல சோதனை. தேதி அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். சில விலக்குகள் போக, ஊரே சூடேறிக் கிடக்கும் வாரங்களில் உயிராபத்து என்று சொல்லி உரிமம் வாங்கியவர் வெறுங்கையோடு இருப்பார். பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு அது காவலாக இருந்ததை விடக் கல்யாண வீட்டில் தெரியும் கௌரவமாகத்தான் அதிகம் இருந்திருக்கும் போலும்.

சுட்ட பிறகு என்ன ஆகும் என்பதை வாங்குமுன் எவரும் விசாரிப்பதில்லை. பஞ்சாபில் 1991இல் ஒரு நிலத் தகராறில், தாக்க வந்தவர்களை உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்ட ஒருவரை விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2010இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. ஆபத்தில் இருப்பவர் தராசு பிடித்து அளந்து திருப்பித் தாக்க முடியாது என்று தீர்ப்பு அவருக்குப் பரிந்து பேசியது. தற்காப்பு உரிமைக்கு நல்ல தீர்ப்பு. அதைப் பெற அவர் பதினெட்டு ஆண்டுக்கு மேல் வழக்கோடு வாழ்ந்தார். ஒரு நெசவுக் குடும்பம் அதில் பாதி நாள்கூடத் தாங்காது.

இதே மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. ஆநிரை கவர வந்தவரை எதிர்த்து நின்ற வீரர்களுக்கு எடுத்தவை அவற்றில் பல. ஆயுதம் ஏந்தி நின்றவருக்குத்தான் கல், உயிரோடு வீடு திரும்பியவருக்கு இல்லை. பழைய கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரியும் இருக்கிறது. ஊர் சேர்ந்து காவலுக்குப் பணம் கட்டியது. இன்று அந்த வரியை வேறு பெயர்களில் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பதிலுக்குக் கிடைப்பது 112, 181 என்ற உதவி எண்களும் ‘காவல் உதவி’ செயலியும். எண்ணை அழுத்தினால் வண்டி எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதில்தான் அவற்றின் மதிப்பு இருக்கிறது. கூலியை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் சாலையில் போகும் பணம் பெருமளவு குறையும். சரக்கைப் பகலில் சேர்ந்து அனுப்பலாம். இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் கூலியைப் பணமாகவே கொடுத்துப் பழகியவர்களை மாற்றுவது சுலபம் அல்ல. பேசவேண்டியது முதலாளிகளிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும்.

தற்காப்புக்காகத் துப்பாக்கி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் உண்மையில் ஒரு சாலையைப் பற்றிய, ஒரு தெருவைப் பற்றிய புகார் மனு. நம் நிர்வாகம் அதை ஆயுதம் கேட்கும் மனுவாக மட்டும் படித்து, கொடுக்கிறது அல்லது தள்ளுகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதியவேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காரணத்துக்குக் கீழே இன்னொரு வரி கட்டாயமாகவேண்டும்: மனுதாரர் பயப்படும் அந்தச் சாலையில் இனி ரோந்து வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்த ஸ்டேஷன் அதற்குப் பொறுப்பு, மூன்று மாதம் கழித்து யார் போய்ப் பார்ப்பார்கள் என்று. கொடுக்கும் உத்தரவிலும் அதே வரி இருக்கட்டும். உரிமம் கிடைத்தவரின் சாலையில்தான் உரிமம் கேட்க வழியில்லாத பெண்ணும் கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து போகிறாள்.