மை கக்காத பயணம்

விமானத்தில் படம் வரையும்போது மைப் பேனா கக்கினால் பேனாவைத் திட்டிப் பயனில்லை. குற்றவாளி அதற்குள் இருக்கும் காற்று. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே நமக்குக் கிடைப்பது 6,000 முதல் 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தம்தான். ஏறத்தாழ ஊட்டி, கொடைக்கானல் அளவு. சென்னையில் மூடிய பேனாவுக்குள் சிக்கிய காற்று அங்கே போனதும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை விரியும். விரிகிற காற்று முன்னால் இருக்கும் மையை நிப்பு வழியே தள்ளிவிடும். ஆகவே அரைகுறையாக மை உள்ள பேனாதான் ஆபத்து. விளிம்புவரை நிரப்பிய பேனாவில் விரியக் காற்றில்லை, காலிப் பேனாவில் கக்க மையில்லை. விமானம் ஏறும்போது நிப்பு மேலே பார்க்கும்படி சட்டைப்பையில் நிறுத்தி வைத்தால் காற்று மட்டும் பிரிந்து போய்விடும்.

இந்தச் சின்னத் தொல்லைக்குப் பேனாக்காரர்கள் கண்டுபிடித்த விடைகளைப் பார்க்கிறபோதுதான் எனக்குப் பேனாமேல் மரியாதை கூடுகிறது. நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையைப் பாருங்கள். மீன் செவுள்போல வரிவரியாகச் சீவியிருப்பார்கள். அழகுக்கு அல்ல, மிஞ்சி வரும் மையைச் சொட்டவிடாமல் அந்த இடுக்குகள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜப்பானியர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பைலட் கஸ்டம் 823 பேனாவின் வால் திருகை இறுக்கினால் உள்ளே ஓடும் தண்டு மைக்கூட்டின் வாயை அடைத்துக்கொள்ளும். நிப்புப் பக்கம் மிஞ்சுவது கொஞ்சம் மைதான். தரையிறங்கியபின் திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டால் போதும், மறுபடி பக்கம் பக்கமாக வரையலாம். பேனாவுக்குள் ஒரு மதகு வைக்க வேண்டும் என்று யோசித்த ஆளைக் கும்பிட வேண்டும்.

நம் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டைக் கடைசல் பிடித்துச் செய்யும் பேனாக்கள் என் கைக்கு மிகவும் பிடித்தவை. கையில் சூடேறாமல், வழுக்காமல், மணிக்கணக்கில் உட்காரும். ஆனால் மதகு இல்லாமல், ஃபில்லரால் நேரே உடலுக்குள் மை ஊற்றும் வகைப் பேனா எதுவானாலும், யார் செய்ததானாலும், விமானத்துக்கு ஒத்துவராது. மை பாதி தீர்ந்தால் உள்ளே அவ்வளவு பெரிய காற்றறை! அதே பட்டறையில் மையை உறிஞ்சி வைக்கும் சிறு குழாயான கன்வெர்ட்டர் வைத்த பேனாவும் கிடைக்கிறது; பயணத்துக்கு அது போதும்.

பந்துமுனைப் பேனா இந்தக் கவலையே இல்லாதது. ஹங்கேரியில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ உருவாக்கிய அந்தப் பேனாவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை விரும்பியதற்கு, உயரத்தில் கக்காது என்பதுதான் காரணம். ஓவியர்கள் அதை ஏளனமாகப் பார்ப்பது தவறு. மெல்லத் தொட்டால் சாம்பல், அழுத்தினால் கறுப்பு. நிழல் ஏற்ற அதைப்போல் மலிவான கருவி இல்லை. சகுராவின் பிக்மா மைக்ரான் வகை நார்முனைப் பேனாக்களும் பத்திரமானவை. மை உள்ளே நாரில் ஊறி நிற்கிறது, காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. ஆனால் அந்தக் கோடு ரொம்பச் சாது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமன், கோபமே வராது. முனை வளைந்த நிப்பில் கையைச் சாய்த்தால் தடித்தும் நிமிர்த்தினால் மெலிந்தும் ஓடும் கோட்டுக்காகத்தான் இத்தனை முன்னெச்சரிக்கையும்.

பென்சிலுக்கு எந்த உயரமும் ஒன்றுதான். 1965 மார்ச்சில் வஸ்கோத்-2 விண்கலத்திலிருந்து வெளியே வந்து மிதந்த முதல் மனிதர் அலெக்ஸி லியோனவ், அதே பயணத்தில் வண்ணப் பென்சிலால் சூரிய உதயத்தை வரைந்தார். பென்சில்கள் மிதந்து போய்விடாமல் ஒவ்வொன்றையும் நூலில் கட்டி மணிக்கட்டுப் பட்டையோடு கோத்திருந்தார். நமக்கு, முன்சீட்டின் சாப்பாட்டுப் பலகையிலிருந்து பென்சில் உருண்டு விழுவதோடு சரி.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் வந்த 100 மில்லி விதி, அது இன்னும் நடப்பில் உள்ள விமான நிலையங்களில், கைப்பையில் வைக்கும் மைப்புட்டிக்கும் வண்ணக் குழாய்க்கும் பொருந்தும். கட்டரும் பேனாக்கத்தியும் கைப்பையில் கூடாது. டர்பன்டைனும், கரித்தூள் உதிராமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரேயும் தீப்பற்றுபவை. பெரிய பெட்டியில்கூட வைக்கக்கூடாது. நீர்வண்ணத்தை வில்லையாக எடுத்துப்போனால் திரவம் என்ற பேச்சே எழாது. குழாயில் உள்ளதைக் குட்டித் தொட்டிகளில் பிதுக்கி வீட்டிலேயே காயவைத்துவிடலாம். தண்ணீர்த் தூரிகையைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனி எதை வரைவது? தூங்கும் பயணிகளைவிடப் பொறுமையான மாடல் உலகில் இல்லை. வாய் பிளந்த முகத்தை விட்டுவிடுங்கள், அது அவர்களுக்கு அநியாயம். மடியில் தளர்ந்து கிடக்கும் கைகளையும் ஒருபக்கம் சரிந்த கழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது கோடு நடுங்கினால் அழிக்காதீர்கள். அந்த நடுக்கம் அப்பக்கத்துக்குச் சொந்தம். சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் விமானமானால் ஜன்னல்தான் விருந்து. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிகள் மேலிருந்து பார்க்கையில் பிறை பிறையாகத் தெரியும். நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலும் கரை கிழக்குப் பக்கம் வளைந்து நிற்கும். மேற்கே நீர் சேற்றில் கரைந்து விளிம்பே தெரியாது. ஒரு பக்கம் அழுத்தமான கோடு, மறுபக்கம் ஈரத் தூரிகையின் மங்கல். மையும் நீர்வண்ணமும் சேர்த்து வரைய இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் கண்டதில்லை. அது ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். அதனால் காலையில் கிளம்பும் விமானத்தில், இறக்கைக்கு முன்வரிசையில், ஜன்னல் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.